பதினெட்டாவது சாவி

இந்தப் பக்கம் உக்காருங்க தம்பி. அந்த சீட்டு வேண்டாம், யாரோட குழந்தையோ வாந்தி எடுத்து வச்சிருக்குது. மேல ஒரு கை மண்ணு கூடப் போடலை. கண்டக்டர்கிட்டச் சொன்னா, ஈரோடு போய்க் கழுவிக்கலாமுங்கறான். ஈரோடு போக இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நாம மோந்துக்கிட்டே போகணுமாம்.

எனக்கு பஸ்ஸே ஆகாதுங்க. திருச்செங்கோட்டுல எம்பட வீட்டு வாசல்ல கார் நிக்குது. அப்பறம் ஏன் பஸ்ஸுல வர்றேன்னு கேப்பீங்க. நீங்க கேக்காட்டியும் சொல்றேன், கேட்டுக்குங்க. காங்கயத்துல ஒருத்தனைப் பாத்துட்டு வர்றேன். பாத்ததுல இருந்து எல்லாத்து மேலயும் சீன்னு இருக்குது.

அது இருபத்தாறு வருசத்து டீசல் வண்டி. நான் கூட்டுறவு சங்கத்துல ஸ்டோர் கீப்பரா இருந்தப்ப வாங்குனது. முப்பத்தோரு வருச சர்வீசுங்க, எம்பட ஸ்டோர்ல ஒரு ஆணி காணாமப் போனதில்லை. ஏன்னா சாவி எம்பட இடுப்புல இருக்கும். வண்டியயும் அந்த மாதிரிதான் வச்சிருந்தேன். ஆனா ரெண்டு வருசமா அதுக்கு ஒரு வியாதி. சாவியப் போட்டுத் திருகுனா சில நாள் உடனே ஸ்டார்ட் ஆகும். சில நாள் டிக்குன்னு ஒரு சத்தம் கூட வராது. ஹாரன் அடிக்கும், லைட்டு பளிச்சுன்னு எரியும், செல்ப் மோட்டார் மட்டும் செத்துக் கெடக்கும். ஒரேயடியா ஆகாதுன்னா ஒரு வழி பண்ணிரலாம். இது ஆனா ஆச்சு, ஆகாட்டி இல்லை. மனுசனைக் கோமாளி ஆக்குற வியாதி.

முதல்ல நிஜாமுதீன்னு ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன்கிட்டக் கொண்டு போனேன். எம்பட சாவிக் கொத்துல இருந்து கார் சாவிய மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் பக்கத்துலயே நின்னேன். பின்ன, கொத்துல பதினேழு சாவி இருக்குதுங்க, மொத்தத்தையும் ஒரு மெக்கானிக் கைல குடுத்துட்டு டீ குடிக்கப் போகச் சொல்றீங்களா? அவன் திருகுனான், உடனே புடிச்சுக்குச்சு. பத்துத் தடவை அணைச்சு அணைச்சுப் பாத்தான், பத்துத் தடவையும் ஆச்சு. "ஒண்ணும் இல்லீங்க ஐயா, வண்டி நல்லாருக்குது"ங்கறான். ஒண்ணும் இல்லாததுக்கா நான் மெனக்கெட்டு வந்தேன்? சாவிய வாங்கிக் கொத்துல மாட்டிட்டு வந்துட்டேன். அடுத்த நாள் காலைல மறுபடியும் செத்துருச்சு.

இன்னொருத்தன் பேட்டரிய மாத்துன்னான். மாத்துனேன். இன்னொருத்தன் செல்ப் மோட்டாரையே எறக்கி, பிரிச்சுப் பரப்பி, துடைச்சு மாட்டுனான். நாலாவது ஆளு எர்த் கேபிள்னான். ஒவ்வொரு எடத்துலயும் சாவியக் கழட்டிக் குடுத்தேன், ஒவ்வொரு எடத்துலயும் ஜோரா ஸ்டார்ட் ஆச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டாம் நாள் படுத்துக்கும். நாலு கடையும் ஒரே எண்ணெய் அழுக்கு, ஒரே பொய். எனக்கு அந்த ஜாதித் தொழிலாளிங்க மேலயே வெறுத்துப் போச்சு.

என்ன சாவி பதினேழுன்னு பாக்கறீங்களா? எங்கம்மா இருந்த வரைக்கும் கொத்து அவங்க இடுப்புல. அவங்க போன பொறகு சம்சாரம் கைக்குப் போயிருக்கணும், அதான் வழக்கம். ஆனா சிந்தாமணிக்கு எளகின மனசு. கேக்கறவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்துருவா. அதனால நானே வச்சுக்கிட்டேன். பீரோ, சாமான் ரூம், மோட்டார் ரூம், முன் கேட்டு, பின் கதவு, எங்கம்மா டிரங்குப் பெட்டி, பிரிட்ஜு. ஆமாங்க, பழைய பிரிட்ஜு, பூட்டு இருக்குது. அப்பறம் லேண்ட்லைன் போனுக்கு ஒரு பூட்டு போட்டிருந்தேன். போனு போயிருச்சு, சாவி இருக்குது. இருந்துட்டுப் போகட்டும், அது சோறா கேக்குது. கார் சாவிய இதுலயே கோத்துட்டா எல்லாம் ஒரே எடத்துல, எங்கிட்டயே இருக்குமில்லீங்களா.

இப்ப வையாபுரிக்கு வர்றேன். அவன் எங்கிட்ட டிரைவர், பதினாலு வருசம். காலைல நான் முன் சீட்டுல உக்காந்து கொத்தை நீட்டுவேன். அவன் திருகுவான். ஆகாது. "ஐயா, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வாங்க, நான் குனிஞ்சு ஒயரைப் பாக்கறேன்"பான். நான் கொத்தை உருவிக்கிட்டு உள்ள போவேன். சொம்பை எடுக்கறதுக்குள்ள வெளிய இன்ஜின் ஓடும். என்னடா பண்ணுனன்னா, "ஒயரைத் தொட்டேனுங்க, புடிச்சுக்குச்சு"ம்பான். ஒயரைத் தொட்டவன் கைல அழுக்கு இருக்கணுமில்ல? கை சுத்தமா இருக்கும், பொந்துலயும் சாவி இருக்காது.

எனக்குச் சந்தேகம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க. நான் இருந்தா ஆகாது, நான் உள்ள போனா ஆகும். முப்பத்தோரு வருசம் ஸ்டோர் பாத்தவன் நான், ஆளைப் பாத்தாலே தெரியும். இவன் எதையோ கழட்டி வச்சு மாட்டி வெளையாடறான்னு முடிவு பண்ணுனேன். எதுக்குன்னு யோசிச்சேன். ஒரு தடவை அவனே சொல்லியிருந்தான், "இந்த வண்டியக் குடுத்துட்டுச் சின்னதா ஒண்ணு வாங்கலாமுங்க, அம்மா ஏறி எறங்கச் சௌரியமா இருக்கும்"னு. சிந்தாமணிக்கு முழங்கால் வலி, அதைச் சாக்கு சொல்றான். வண்டிய வாங்க ஒரு ஆளை ரெடி பண்ணிட்டுத்தான் பேசறான்னு புடிச்சுட்டேன். அன்னைல இருந்து அவன் மேல ஒரு கண்ணு வச்சேன்.

ஐப்பசில எம்பட பொண்ணு மேகலாவுக்குக் கட்டுச்சோறு. நீங்க எங்க பக்கமான்னு தெரியலை, அதனால சொல்றேன். மாசமா இருக்கற பொண்ணுக்குப் பொறந்த வீட்டுல இருந்து வகை வகையாச் சோறு கட்டி எடுத்துட்டுப் போகணும். சம்பந்தி வீட்டுல எல்லாரும் உக்காந்து சாப்புட்டு, பொண்ணைப் பொறந்த வீட்டுக்கு அழைச்சுட்டு வர்றது. தலைப் பிரசவம் நம்ம வீட்டுலதானுங்களே. புளிச்சோறு, தேங்காச் சோறு, எலுமிச்சஞ் சோறு, தயிர்ச்சோறுன்னு சிந்தாமணி கருக்கல்லயே எந்திரிச்சுச் செஞ்சு, அண்டா அண்டாவா டிக்கில ஏத்தியாச்சு. பின்னால ஒரு வேன்ல சொந்தக்காரங்க. நான் உக்காந்து கொத்தை நீட்டுனேன். வையாபுரி திருகுனான். செத்துக் கெடக்குது.

அவன் சொல்றதுக்கு முன்னால நானே எந்திரிச்சுட்டேன், தண்ணி குடிச்சுட்டு வர்றேன்னு. குடிக்கலை. ஜன்னலுக்குப் பின்னால நின்னேன். சட்டைப் பைல கைய விட்டான், எதையோ எடுத்தான், இன்ஜின் ஓடுச்சு. அவன் உருவறதுக்குள்ள ஓடிப் போய்ப் பாத்தா ஒரு ஒத்தைச் சாவி தொங்குது, செவப்பு நூல் கட்டி.

"எம்பட வண்டிக்கு எனக்குத் தெரியாமக் கள்ளச்சாவி போட்டிருக்கற. வண்டிக்கு மட்டுந்தானா, பீரோவுக்கும் போட்டுட்டயா?"ன்னு கேட்டேன். பட்டுச்சேலை கட்டி வந்து நின்ன அத்தனை சனத்துக்கு முன்னாலயும் கேட்டேன். அவன் இன்ஜினை அணைச்சான். சாவிய பேனட் மேல வச்சான். சிந்தாமணியப் பாத்து ஒரு கும்புடு போட்டான், நடந்து போயிட்டான். குத்தம் இல்லாதவன் அப்படிப் போவானுங்களா? சிந்தாமணி, "ஏனுங்க, என்னன்னு ஒரு வார்த்தை கேளுங்க"ன்னா. என்னத்தக் கேக்கறது, கையும் களவுமாப் புடிச்ச பொறகு? அந்தச் சாவியயும் எடுத்துக் கொத்துல கோத்தேன். பதினெட்டாச்சு.

அப்பறம் நானே ஓட்டுனேன். வேன்ல வந்த பசங்க தள்ளி விட்டாங்க, ஸ்டார்ட் ஆச்சு. பெருந்துறை ரோட்டுல போறப்ப சிந்தாமணி, "பூவை மறந்துட்டனுங்க"ங்கறா. பிரிட்ஜுல வச்சிருந்தாளாம். நான் வழக்கம்போல ராத்திரியே பூட்டிட்டேன். என்னைக் கேட்டாத் தொறந்து குடுத்திருப்பேன். கேக்க என்ன வெக்கமோ. ரோட்டோரம் நிறுத்திப் பூ வாங்கிட்டு வந்து திருகுனேன். அவ்வளவுதான்.

வேன் முன்னால போயிருச்சு. நல்ல வெய்யில். அந்த ரோட்டுல தள்ள ஒரு ஆளு கெடைக்கலை. மூணு மணி நேரமுங்க, அப்பறம் ஒரு லாரிக்காரங்க எறங்கித் தள்ளி விட்டாங்க. சம்பந்தி வீட்டுல நல்ல நேரம் போய், எமகண்டம் போய், எல்லாம் போன பொறகு சேந்தோம். சம்பந்தியம்மா அண்டா மூடியத் தொறந்தாங்க. தேங்காச் சோறு நூல் விட்டுருச்சு. தயிர்ச்சோறு பொங்கி வழிஞ்சு, அந்த வாடை இருக்குது பாருங்க, இப்ப நெனைச்சாலும் கொமட்டுது. அவங்க முந்தானைல மூக்கை மூடிக்கிட்டாங்க. எம்பட பொண்ணு மாலையப் போட்டுட்டுத் தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கறா. ஓட்டல்ல வாங்கிப் போட்டாங்க. சிந்தாமணி விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுச் செஞ்சது, அவ்வளவும் பன்னிக்குப் போச்சு. எல்லாத்துக்கும் காரணம் அந்த வையாபுரின்னு நான் அங்கயும் சொன்னேன்.

அன்னைக்கு சிந்தாமணி சம்பந்தி வீட்டு வண்டில வந்தா. அதுக்கப்பறம் எம்பட கார்ல ஏறலை. ஆஸ்பத்திரிக்குப் பொண்ணைக் கூட்டிட்டுப் போறதுன்னாலும் ஆட்டோதான். கேட்டா, "வையாபுரி வந்து ஓட்டட்டும், ஏறிக்கறேன்"பா. சண்டையெல்லாம் கெடையாது. காப்பி குடுப்பா, சோறு போடுவா, சாமான் ரூம் தொறக்கணும்னா வந்து நிப்பா. பேச்சு மட்டும் இல்லை.

வையாபுரிக்கு எங்க பக்கத்துல வேலை கெடைக்கலைன்னு கேள்விப்பட்டேன். நான் யாருகிட்டயும் போய்ச் சொல்லலீங்க. அவனைப் பத்தி விசாரிச்சவங்களுக்கு மட்டும் சொன்னேன். அது எம்பட கடமையில்லீங்களா? ஒரு எட்டுப் பத்துப் பேரு விசாரிச்சாங்க.

போன வாரம் வண்டி சுத்தமா நின்னு போச்சு. சிந்தாமணியே நிஜாமுதீனை வீட்டுக்கு வரச் சொல்லிட்டா, எங்கிட்டக் கேக்காம. வந்தான். கொத்து வண்டிலயே தொங்குது, நான் பக்கத்துல நிக்கறேன். திருகுனான். சத்தம் இல்லை. அப்பறம் அவன் ஒண்ணு பண்ணுனான் தம்பி. எடது கையால கொத்தை அடில ஏந்திப் புடிச்சுக்கிட்டுத் திருகுனான். ஸ்டார்ட் ஆச்சு. அணைச்சு, கைய விட்டுட்டுத் திருகுனான். இல்லை. ஏந்துனா ஆச்சு, விட்டா இல்லை. "ஐயா, அரைக் கிலோவுக்கு மேல தொங்குது. தொங்கித் தொங்கிச் சாவிப் பொந்து தேஞ்சு, உள்ள சுவிட்ச்சு எறங்கிப் போச்சு. இன்ஜின் ஓடறப்பவே சாவிய உருவிரலாம், அவ்வளவு தேஞ்சிருக்குது. கனம் இருந்தா காண்டாக்ட் சேராது. ஒத்தைச் சாவின்னா சேரும்"னான். ரெண்டு வருசம், நாலு கடை, ஒரு பேட்டரி. காரணம் எம்பட கொத்தாம்.

அதோட விட்டிருந்தாக் கூடப் பரவால்லை. "வையாபுரி அண்ணனுக்கு இது முன்னாலயே தெரியுமுங்க"ங்கறான். நீங்க பழனிக்குப் போனப்ப ஒரு தடவை, சம்பந்தி வீட்டுல தங்குனப்ப ஒரு தடவை, பழைய வண்டில கழட்டுன சுவிட்ச்சை மாட்டிக் குடுத்தேன், அதுவும் தேஞ்சு போச்சுங்கறான். அப்பறம் இந்த நிஜாமுதீனேதான் பொந்தை அளவெடுத்து ஒத்தைச் சாவி வெட்டிக் குடுத்தானாம், ஐயா அவசரத்துக்கு நிக்கக் கூடாதுன்னு. "சொல்றதுக்கென்னடா உங்களுக்கு வாயில்லையா?"ன்னேன். "நான் சொல்றேன்னு சொன்னேனுங்க. அண்ணந்தான் வேண்டாம்னுட்டாரு. கொத்தைக் கழட்டுங்கன்னு சொன்னா, எந்தச் சாவி மேலடா உனக்குக் கண்ணுன்னு ஐயா கேப்பாரு, அந்தச் சொல்லு வாங்கிட்டு அங்க நிக்க முடியாதுன்னாரு"ங்கறான்.

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. நான் அப்படிக் கேப்பேன்னு இவனே முடிவு பண்ணிக்கறதா? பதினாலு வருசம் சோறு போட்டிருக்கறேன். நான் அந்த மாதிரி ஆளா, சொல்லுங்க. ரெண்டு நாள் அதையே நெனைச்சுட்டுக் கெடந்தேன். மூணாம் நாள் காலைல பல்லு வெளக்கறப்பத் தோணுச்சு, கேட்டுத்தான் இருப்பேன்னு. கேட்டுத்தான் இருப்பேனுங்க. அந்த வார்த்தையேதான் வாயில வந்திருக்கும். வாயக் கொப்புளிச்சுத் துப்புனேன், கசப்பு போகலை.

கொத்தைக் கழட்டுனீங்களான்னு கேக்கறீங்க. இல்லை. நான் எதுக்குக் கழட்டணும், புது சுவிட்ச்சு போடுன்னு நிஜாமுதீன்கிட்டச் சொல்லியிருக்கறேன். வரவழைக்கணுமாம். இதோ, இங்க இருக்குது பாருங்க, பதினெட்டும்.

ஆனா வையாபுரியக் கூப்புட்டுக்கலாம்னு முடிவு பண்ணுனேன். பொண்ணுக்குத் தேதி இன்னும் பத்து நாள்ல. ஓட்ட ஒரு ஆளு வேணும், சிந்தாமணியும் சமாதானம் ஆவா. காங்கயத்துல இருக்கறான்னாங்க, அதான் காலைல பஸ் ஏறுனேன். எங்க இருக்கறான் தெரியுங்களா? தேங்காக் களத்துல. பதினாலு வருசம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோட ஸ்டியரிங் புடிச்சவன், லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு வெய்யில்ல கொப்பரை பொரட்டிட்டு நிக்கறான். அந்தக் காறல் எண்ணெய் வாடை, கந்தகப் புகை, ஈ. கிட்டப் போகவே முடியலை. முதுகெல்லாம் கறுத்துப் போச்சு அவனுக்கு.

என்னைப் பாத்ததும் துண்டை எடுத்து மேல போட்டுக்கிட்டான். "வாங்கய்யா"ன்னு சொல்லிச் சாக்கை உதறி நெழல்ல போட்டான், தண்ணி குடுத்தான். "மேகலா அம்மணி எப்படிங்க இருக்குது? வண்டி எப்படிங்க இருக்குது?"ன்னான். அவன் திட்டியிருந்தா நான் திரும்பித் திட்டிட்டு வந்திருப்பேன். "சரிடா, நடந்தது நடந்து போச்சு, நாளைக்கு வந்துரு"ன்னேன். அதுக்கு மேல என்ன சொல்லணும், கால்லயா விழ முடியும்?

தண்ணிச் சொம்பை வாங்கிக் கீழ வச்சான். "வர்றனுங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். கார் சாவியத் தனியாக் குடுத்துருங்க. பீரோ சாவியும் சாமான் ரூம் சாவியும் அம்மா கைல குடுத்துருங்க. அம்மணி பிரசவத்துக்கு வீட்டுல இருக்கற நேரம்"னான்.

பாத்தீங்களா? எம்பட வீட்டுச் சாவி யாரு கைல இருக்கணும்னு இவன் சொல்றான். "எம்பட சாவியப் பத்திப் பேச நீ யாருடா?"ன்னு எந்திரிச்சுட்டேன்.

"அதுக்குத்தானுங்க இத்தனை வருசம் பேசலை"ன்னான்.

போய்க் கொப்பரையப் பொரட்ட ஆரம்பிச்சுட்டான். நானும் வந்து இந்த நாத்தம் புடிச்ச பஸ்ஸுல ஏறிட்டேன். என்ன ஊரு இது, அவல்பூந்துறையா? இருங்க தம்பி, போன் அடிக்குது. வீட்டுல இருந்துதான்.

ஆ, சொல்லு புள்ள. என்ன? எப்ப? யாரு ஆட்டோ? அதெப்படி, பைல் பீரோவுலல்ல இருக்குது. என்னது? ஏ, இரு. அலோ. அலோ.

மேகலாவுக்கு வலி எடுத்துருச்சாம் தம்பி. வண்டி வாசல்லயே நிக்குது, அதோட ரெண்டு சாவியும் எம்பட இடுப்புல. பக்கத்து வீட்டுக்காரங்க ஆட்டோ புடிச்சுட்டு வந்தாங்களாம். ஸ்கேன் ரிப்போர்ட்டு, ரத்தம் என்ன வகைன்னு எழுதுனது, எல்லாம் இருக்கற பைலு பீரோவுக்குள்ள. தொலைஞ்சு போகக் கூடாதுன்னு நான்தான் வச்சுப் பூட்டுனேன். சிந்தாமணி கடப்பாரையப் போட்டு பீரோக் கதவை நெம்பிட்டாளாம். முழங்கால் வலிக்காரி, ஒத்தை ஆளா. நெம்பி, பைலை எடுத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேந்து, பொண்ணைப் பிரசவ ரூமுக்குள்ள அனுப்பிட்டு, அதுக்கப்பறம் எனக்குப் போன் பண்றா. பொண்ணுக்கும் வயித்துப் புள்ளைக்கும் ஒண்ணும் பயமில்லையாம்.

அதுக்கு மேல ஒண்ணு சொன்னா. கடப்பாரைய எடுத்தப்ப, செவுத்தைப் புடிச்சுக்கிட்டு வலில நின்ன பொண்ணு, "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஒடைங்கம்மா"ன்னு அழுதுச்சாம். "நான் கேக்கலை. நீங்க மெதுவா வாங்க"ன்னு எங்கிட்டச் சொன்னா சிந்தாமணி, வச்சுட்டா. கோவமே இல்லீங்க அவ பேச்சுல.

உசுரு போற வலி தம்பி அது. அந்த வலியிலயும் எம்பட புள்ளைக்கு எம்மேல பயம் விடலை. வையாபுரி வாயக் கட்டிப் போட்டதும் அதே பயந்தான். நான் அதை இத்தனை நாளா மரியாதைன்னு நெனைச்சுட்டு இருந்தேனுங்க.